பழங்கற்படி: செப்பனிட்ட பொம்மையின் அடியில் என்ன எழுத வேண்டும்?

பழம்பொருள் விற்பனையில் இன்று மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று ‘ரெஸ்டோர்டு’. பழைய கொலுப் பொம்மைகளும், சென்னபட்னா அரக்குப் பொம்மைகளும், ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தகரப் பொம்மைகளும் கைமாறும் இடங்களிலெல்லாம் இச்சொல் கேட்கிறது. ஒடிந்த கையை ஒட்டியதும் ரெஸ்டோர்டு. முகத்தைச் சுரண்டிப் புதிதாகக் கண் எழுதியதும் ரெஸ்டோர்டு. நான்கு சக்கரங்களுள் மூன்றைப் புதிதாகச் செய்து மாட்டியதும் ரெஸ்டோர்டு. யார் செய்தார், எதைச் செய்தார், எப்போது செய்தார், எதைக் கொண்டு செய்தார் என்னும் நான்கு வினாக்களுக்கும் அச்சொல்லில் விடையில்லை. வாங்குபவர் கேட்டால் விற்பவர் வாய்மொழியாகச் சொல்லலாம். ஆனால் அந்த வாய்மொழி அடுத்த கைமாற்றத்தோடு அழிந்துவிடும். இருபது ஆண்டுகள் கழித்து அதே பொம்மையை வாங்குபவர் புதிய கையையும் பழைய கை என்றே நம்புவார்.

செப்பனிட்ட பழம்பொருளை எதிர்காலத்தவருக்கு எவ்வாறு அடையாளப்படுத்துவது என்பது சேகரிப்பாளர்களின் தனிப்பட்ட சிக்கல் போலத் தோன்றும். வரலாறு படிப்போர்க்கும் மொழியியல் படிப்போர்க்கும் இது நேரடியாகத் தொடர்புடையது என்பதையும், தமிழ்க் கல்வெட்டு மரபில் இதற்குத் தெளிவான விடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருவாகியிருந்தது என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் இழப்பு எத்தகையது என்பதைப் பார்ப்போம். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களின் கொலுப் பொம்மைகள் பெரும்பாலும் அச்சில் வார்க்கப்படுபவை. ஒரு நல்ல அச்சு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். அதே அச்சிலிருந்து இரண்டு தலைமுறைகள் பொம்மை எடுக்கலாம். எனவே பொம்மையின் வடிவத்தை மட்டும் கொண்டு அதன் காலத்தைக் கணிப்பது கடினம். காலத்தைக் காட்டிக்கொடுப்பவை வண்ணமும், முகம் எழுதிய முறையும், சேலையின் கரை வரைந்த பாணியும்தாம். மறுவண்ணம் பூசும்போது முதலில் மறைவதும் இவையே. கண்ணின் வெள்ளையைப் புதுப்பிக்க இன்று பயன்படும் வெண்ணிறம் பெரும்பாலும் டைட்டானியம் ஆக்சைடு. அது சந்தைக்கு வந்து பரவலானது 1920களுக்குப் பின்னரே. அத்தகைய வெள்ளையைக் கண்ட ஆய்வாளர், பொம்மையே 1920களுக்குப் பிற்பட்டது என்று முடிவு செய்யக்கூடும். முகம் மட்டும் பின்னாளில் எழுதப்பட்டது என்று பொம்மையின் அடியில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பிழை நேராது.

சென்னபட்னாப் பொம்மைகளின் நிலை வேறு. பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரில், கன்னடத்தில் ஹாலெ மரம் என்றும் தமிழில் வெட்பாலை என்றும் வழங்கும் மென்மரத்தைக் கடைசலில் ஏற்றிச் சுழற்றுவர். சுழலும் மரத்தின்மீது நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். தூரிகையால் பூசப்படாத இவ்வரக்கின் ஓரிடம் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் அதே முறையில் நிரப்புவது அரிது. பொம்மையை மீண்டும் கடைசலில் ஏற்ற வேண்டும்; ஏற்றினால் பழைய அரக்கின் பெரும்பகுதி சீவப்பட்டுப் போகும். ஆக, ‘பளபளப்பாகச் செப்பனிடப்பட்ட பழைய சென்னபட்னாப் பொம்மை’ என்று விற்கப்படுவதில் மரம் மட்டுமே பழையதாகவும் மேற்பரப்பு முழுவதும் புதியதாகவும் இருக்கலாம். சென்னபட்னாப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது பொம்மை பிறந்த ஊருக்குச் சான்று. பிறந்த பின் அதற்கு நேர்ந்தவற்றைச் சொல்லும் பொறுப்பு அதற்கு இல்லை.

மரப்பாச்சியைப் பற்றியும் ஒரு சொல். செம்மரத்தில் செதுக்கிய ஆண், பெண் இணை அது. பல வீடுகளில் குழந்தை கடித்த பல் தடமும், கை பட்டுப்பட்டு மழுங்கிய மூக்கும் அதன்மேல் இருக்கும். இவற்றை ‘சேதம்’ எனக் கருதி இழைத்து மெருகிட்டால், அது விளையாடப்பட்ட பொருள் என்பதற்கான ஒரே சான்றும் மரத்தூளோடு போய்விடும். பொம்மை ஏனைய பழம்பொருள்களிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். சிலைக்குத் தேய்மானம் குறை. பொம்மைக்கோ அது வாழ்க்கை வரலாறு.

இனிக் கல்வெட்டுகளுக்கு வருவோம். கும்பகோணத்தை அடுத்த காவிரிக்கரைத் தலங்களுள் ஒன்று திருக்கோடிகாவல். கண்டராதித்தரின் தேவியும் உத்தமசோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். அப்போது அங்கே முன்னரே இருந்த கற்களில் பழைய கொடைகளைக் குறித்த ஆவணங்கள் பல இருந்தன. கோயிலைப் புதுக்கியவர்கள் அவற்றைக் கைவிடவில்லை. படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார்கள். அவ்வாறு வெட்டும்போது ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்னும் அறிவிப்பையும் சேர்த்தார்கள். பழைய கல்லில் இருந்ததன் நகல் இது என்பதே அதன் பொருள். வேலூர் மாவட்டத்துத் திருவல்லத்திலும் இத்தகைய கல்வெட்டு ஒன்று உண்டு. மண்டபத்தைப் பிரித்து மீண்டும் எடுப்பதற்கு முன்பு இருந்த கல்வெட்டின் படி இது என்று அறிவித்துவிட்டே, அது நந்திவிக்கிரமவர்மனின் ஆட்சியாண்டு குறித்த செய்திக்குள் நுழைகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு இவ்வறிவிப்பின் மதிப்பு எளிதில் விளங்கும். கல்வெட்டின் வாசகம் ஒரு காலத்தது. அதைத் தாங்கும் எழுத்து வடிவம் இன்னொரு காலத்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், பல்லவர் பெயரைக் கண்டவுடன் எழுத்தையும் பல்லவர் காலத்தது என்று கொண்டால் எழுத்து வளர்ச்சி பற்றிய அட்டவணையே பிழைபடும். படியெடுத்தவர் தம் காலத்து எழுத்துக்கூட்டலைத் தம்மை அறியாமல் புகுத்தியிருக்கவும் கூடும். அதை முந்தைய காலத்து மொழி வழக்கு என்று கொண்டால் ஒலிமாற்ற வரலாறும் பிழைபடும். ‘பழங்கற்படி’ என்னும் ஒரே சொல் இத்தனை பிழைகளுக்கும் முன்னெச்சரிக்கையாக நிற்கிறது. தம் பணியை ஏமாற்று வேலையாகக் கருதாதவர்களே அதை நகல் என்று வெளிப்படையாக அறிவிக்க முடியும். அறிவித்ததால் அந்த ஆவணங்களின் மதிப்பும் குறைந்துவிடவில்லை. இன்று அவற்றை நாம் கூடுதலாக நம்புகிறோம்.

செம்பியன் மாதேவி எடுப்பித்த மற்றொரு கோயிலான கோனேரிராசபுரத்தில் பணியாளரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. கண்டராதித்தர் வழிபடும் காட்சியைக் காட்டும் புடைப்புச் சிற்பத்தின் அருகே உள்ள கல்வெட்டு, தேவியின் ஆணைப்படி அக்கற்றளியை எடுப்பித்தவர் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்று சொல்கிறது. எடுப்பிக்கச் சொன்னவர் யார், எடுத்தவர் யார் என்னும் இரண்டும் அங்கே தனித்தனியே பதிவாகியுள்ளன. இன்றைய பொம்மைச் சந்தையில் சேகரிப்பாளரின் பெயர் சில வேளைகளில் தெரியவரும். முகம் எழுதிய கலைஞரின் பெயர் தெரியவருவது மிக அரிது.

இதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் தொம்மலூரிலேயே சான்று உண்டு. இன்று மேம்பாலமும் மென்பொருள் அலுவலகங்களும் சூழ்ந்த இப்பகுதியில் சொக்கநாதசுவாமி கோயில் என வழங்கும் பழைய பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும், இறைவன் சொக்கப்பெருமாள் என்றும் குறிக்கப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரராமநாதனின் ஆட்சிக்குள் இப்பகுதி இருந்தது. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியின் வழியாக இவை ஆய்வுலகுக்குத் தெரியவந்தன. தொம்பலூர் என்பதில் மகர ஒற்றின் பின் நின்ற பகரம் அம்மகரத்தோடு ஒன்றித் தொம்மலூர் ஆயிற்று என்று நம்மால் சொல்ல முடிவதற்கும் கல்லில் நின்ற அந்தப் பழைய வடிவமே காரணம்.

இவற்றுள் என் பொருளுக்கு மிக நெருங்கியது 1270ஆம் ஆண்டுக்குரிய சிறு கல்வெட்டு ஒன்று. அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கொடையாகத் தந்ததை அது பதிவு செய்கிறது. கோயில் முழுவதும் அவருடையது என்று அது சொல்லவில்லை. வாயிலின் இரண்டு நிலைக்கால்கள் மட்டுமே அவர் சேர்த்தவை. ஒரு முழுப் பொருளின் குறிப்பிட்ட உறுப்பு எவரால், எப்போது சேர்க்கப்பட்டது என்னும் பதிவுக்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தகரப் பேருந்துப் பொம்மைக்குப் புதிதாகச் செய்து மாட்டிய இரண்டு சக்கரங்களைக் குறித்து நாம் எழுத வேண்டியதும் இத்தகைய ஒரு வரியே.

பொம்மைகளுக்கெனத் தனியான குறி மரபு இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது வணிகத்துக்காகப் பிறந்தது. பிரிட்டன் 1887இல் இயற்றிய வணிகக் குறிச் சட்டமும், அதையொட்டி இந்தியாவில் 1889இல் வந்த சட்டமும், அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டமும் அயல்நாட்டுச் சரக்கு எந்நாட்டது என்பதைக் குறிக்கும் வழக்கத்தைப் பரப்பின. ‘மேட் இன் ஜெர்மனி’ என்னும் பொறிப்பு பொம்மைகளின் அடியில் இடம்பெற்ற பின்னணி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 வரை நேச நாட்டுப் படைகளின் ஆட்சியில் இருந்த ஜப்பானிலிருந்து ஏற்றுமதியான பொம்மைகள் பலவற்றில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று பொறித்தார்கள். சுங்க அதிகாரிக்காக இடப்பட்ட அந்தக் குறியே இன்று காலத்தை ஒரு சில ஆண்டுகளுக்குள் கணிக்க உதவும் முதன்மைச் சான்றாகியுள்ளது. இடும்போது எவருக்கும் பெரிதாகத் தோன்றாத குறி பின்னாளில் வரலாற்றுச் சான்றாவதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பொம்மையின் பிறப்பைக் குறிக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. அதன் பழுதையும் பராமரிப்பையும் குறிக்கும் வழக்கம் மட்டும் வளரவில்லை.

மேலைநாட்டுப் பாதுகாப்புக் கலையும் சற்றே வேறு வழியில் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தது. உரோம் நகரிலுள்ள டைட்டஸ் வளைவை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டெழுப்பிய வாலாடியே, மறைந்துபோன பகுதிகளைப் பளிங்குக்கு மாற்றாக டிராவர்ட்டைன் கல்லில் அமைத்தார். தொலைவில் நின்றால் வளைவு முழுமையாகத் தெரியும். அருகே சென்றால் புதியது எது, பழையது எது என்பது விளங்கும். இத்தாலிய அறிஞர் செசாரே பிராண்டி 1963இல் வெளியிட்ட தம் கோட்பாட்டு நூலில் இதையே நெறியாக வகுத்தார். மறு ஆண்டு வெனிசில் ஏற்கப்பட்ட சாசனம், இழந்த உறுப்புக்கு ஈடாக வைக்கப்படுவது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றது. நினைவுச் சின்னங்களுக்காக எழுதப்பட்ட இந்நெறியை ஒரு சாண் உயரப் பொம்மைக்கு அப்படியே பொருத்த இயலாது. பொம்மையின் கையை வேறு நிறத்தில் செய்து மாட்டினால் கொலுப்படியில் அது கண்ணை உறுத்தும். கண்ணுக்கு இசைவாகச் செய்துவிட்டு, வேறுபாட்டை எழுத்தில் சொல்வதே பொம்மைக்கு ஏற்ற வழி. அது திருக்கோடிகாவலின் வழியும்கூட.

அந்த எழுத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும்? இதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு படிவம் தருகிறது. தொம்மலூர்க் கல்வெட்டுகளின் அதே பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோலாரைத் தம் பழைய தலைநகராகப் போற்றிய கங்கர் மரபைச் சேர்ந்த சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். வினைச்சொல் ஆறு செய்திகளை உணர்த்தும் என்பது அவர் கூறும் இலக்கணம்: செய்பவர், செய்யும் கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள். ‘ரெஸ்டோர்டு’ என்னும் சொல்லை இந்த ஆறின் முன் நிறுத்திப் பாருங்கள். செயல் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. ஏனைய ஐந்தும் இல்லை. செப்பனிட்ட குறிப்பு ஒன்று நிறைவானதா என்பதைச் சோதிக்க இவ்வாறும் போதும்.

செயலைச் சொல்வதிலும் துல்லியம் வேண்டும். தமிழில் இதற்கு வினைகள் நிறைய உண்டு. ஒட்டுதல், ஈயம் பற்றவைத்தல், ஒட்டுப்போடுதல், மாற்றுதல், மெருகிடுதல், மறுவண்ணம் தீட்டுதல், புதுக்குதல் எல்லாம் வேறு வேறு செயல்கள். பொம்மையின் மூலத்தை அவை வேறு வேறு அளவில் பாதிக்கின்றன. தூசி தட்டியதற்கும் முகத்தை மாற்றி எழுதியதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது மொழி வறுமையால் அன்று. அவ்வாறு மழுப்புவதில் வணிக நலன் இருக்கிறது.

காலத்தைக் குறிக்கும்போது ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் தமிழ் ஆண்டின் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் உண்டு. ‘குரோதி, புரட்டாசி’ என்றால் அது 1964 ஆகவும் இருக்கலாம், 2024 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுகளில் பெயர் திரும்பி வரும். எனவே ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுவதே பாதுகாப்பு. ஒரு மாதிரிக் குறிப்பு இவ்வாறு அமையலாம்: ‘இடக்கை புதியது, காகிதக் கூழில் செய்து ஒட்டியது. ஆடைக்கு மட்டும் அக்ரிலிக் மறுவண்ணம். முகம் பழைய வண்ணமே. தொம்மலூர், செப்டம்பர் 2024’. இதன்பின் செய்தவரின் பெயர். ஆறு செய்திகளும் இருபது சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

அடுத்து, இதை எங்கே, எவ்வாறு எழுதுவது என்பது. இங்குதான் உண்மையான முரண் ஒன்று எழுகிறது. அருங்காட்சியக நெறிப்படி, பொருளின்மேல் இடும் குறி வேண்டும்போது தீங்கின்றி நீக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஆனால் எளிதில் நீக்கத்தக்க குறியை நேர்மையற்ற அடுத்த விற்பனையாளர் பஞ்சு நனைத்துத் துடைத்துவிடுவார். பாதுகாப்பாளருக்கு நன்மையாவதே ஏமாற்றுபவருக்கும் நன்மையாகிறது. பொருளைக் காப்பதா, வாங்குபவரைக் காப்பதா?

தொம்மலூர் நிலைக்கால்கள் உணர்த்தும் நெறியைப் பின்பற்றினால் இம்முரண் பெரும்பாலும் தீரும். பழைய பகுதியின்மேல் நீக்கத்தக்க குறி. புதிய பகுதியின்மேல் நீக்க முடியாத குறி. புதிதாகச் செய்த கை, சக்கரம், சாவி, தகரத் தகடு ஆகியவற்றுக்கு இன்னும் வரலாறு இல்லை. அவற்றின் உட்புறத்திலோ பொருந்தும் முகத்திலோ ஆண்டையும் பெயரையும் அழுத்தமாகவே பொறிக்கலாம். எழுத்தை அழிக்க வேண்டுமானால் அந்த உறுப்பையே கழற்றிச் சிதைக்க வேண்டியிருக்கும். மூலப் பகுதியைப் பொறுத்தவரை கீறுவதும் துளையிடுவதும் கூடாது.

பழைய பகுதியில் எழுதும் முறை பொருளுக்குப் பொருள் மாறும். மண், காகிதக் கூழ்ப் பொம்மைகளின் வண்ணம் பூசாத அடிப்பாகத்தில் மென்மையான காரியப் பென்சில் போதும். அது மங்காது, ஊறாது. பந்துமுனைப் பேனாவும் ஜெல் பேனாவும் வேண்டா. அரக்குப் பொம்மையில் கூடுதல் கவனம் தேவை. அரக்கு சாராயத்தில் கரையும். ஆகையால் சாராயம் கலந்த மைப்பேனாவை மேற்பரப்பில் வைத்தாலே தழும்பு விழும். அரக்குப் படாத மர அடியில் பென்சிலால் எழுதுவதே நல்லது. உலோகத்திலும் சுட்ட மண்ணிலும் அருங்காட்சியகங்கள் பாரலாய்டு பி-72 என்னும் பிசினை மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் எழுதி, மீண்டும் ஒரு படலம் பூசுகின்றன. வண்ணப் பூச்சின் மீதும் அரக்கின் மீதும் அதன் கரைப்பான் தீங்கு செய்யக்கூடும் என்பதால் வெற்றிடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். துணிப் பொம்மைக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்கலாம். ஒட்டுவில்லையும் செல்லோ டேப்பும் எதற்கும் கூடா. சில ஆண்டுகளில் பசை மஞ்சளித்துக் கறையாகும், குறிப்போ உதிர்ந்துவிடும்.

மூன்றாவதாக, பொருளுக்கு வெளியே ஒரு பதிவு வேண்டும். செப்பனிடுவதற்கு முன்னும் பின்னும் எல்லாப் பக்கங்களிலும் எடுத்த படங்கள், அகற்றிய பழைய துண்டுகள், பயன்படுத்திய பசை, வண்ணம் ஆகியவற்றின் பெயர்கள் இவை அனைத்தும் ஓர் உறையில் பொம்மையோடு செல்ல வேண்டும். ஒடிந்த பழைய விரலைக் குப்பையில் போடுவதைவிட அந்த உறையில் வைப்பது நல்லது. மூல வண்ணத்தின் ஒரே மாதிரியாக அதுவே எஞ்சக்கூடும். உறை தொலையலாம், அடியெழுத்து மங்கலாம், உறுப்பின் உட்குறி கண்ணில் படாமலே போகலாம். மூன்றும் ஒருசேர அழிவது அரிது.

இந்த நடைமுறைக்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக எழுப்பப்படுகின்றன. குறித்துவிட்டால் விலை குறையும் என்பது முதலாவது. குறையலாம். ஆனால் அந்த வேறுபாடு வாங்குபவரின் அறியாமைக்கு இதுவரை கிடைத்துவந்த விலைதான். சட்டமும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருளும் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் வரும். உரிமம் இல்லாமல் தொல்பொருள் வணிகம் செய்ய முடியாது. 1920களின் பொம்மைகள் இப்போது அந்த எல்லையைக் கடந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பகுதி நூறாண்டு பழையது என்னும் கேள்வி இனி வெறும் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. குழந்தைகளின் நலமும் இதில் அடங்கியுள்ளது. பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் மிகுதி. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மறுவண்ணம் பூசிய ஆண்டும் பூசிய வண்ணமும் பொம்மையின் அடியில் இருந்தால், அதைக் குழந்தையின் கையில் கொடுக்கலாமா, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று பெற்றோர் முடிவு செய்ய இயலும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கொலுப் பொம்மை நிறம் மங்கினால் வண்ணம் பூசுவது குடும்ப வழக்கம். அதில் மறைப்பதற்கும் அறிவிப்பதற்கும் என்ன இருக்கிறது என்பது. உண்மைதான், மறுவண்ணம் பூசுவது குற்றமில்லை. கோயிலுக்குத் திருப்பணி போலப் பொம்மைக்கும் அது உயிர்ப்பூட்டும் செயல். ஆனால் குறியிடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது என்னும் எண்ணத்தை நாம் எங்கிருந்து பெற்றோம்? நம் வீட்டு எவர்சில்வர் குடத்தைத் திருப்பிப் பாருங்கள்: கொடுத்தவர் பெயர், காரணம், தேதி எல்லாம் புள்ளிப் புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். கோயில் குழல்விளக்கில் உபயதாரரின் பெயர் வெளிச்சத்தைப் பாதி மறைக்கும் அளவுக்கு எழுதப்பட்டிருக்கும். பொருளின்மேல் எழுதத் தயங்கும் சமூகமல்ல நாம். கொடுத்தவரை எழுதுகிறோம், செப்பனிட்டவரை எழுதுவதில்லை. குடமுழுக்கு முடிந்து பதிக்கும் பளிங்குப் பலகைகளிலும் நன்கொடையாளர் பட்டியல் நீளுமே தவிர, எந்தத் தூண் மாற்றப்பட்டது, எந்தச் சுதைக்கு மறுவண்ணம் பூசப்பட்டது என்னும் செய்தி அரிதாகவே இருக்கும். இந்த வகையில் பத்தாம் நூற்றாண்டின் கல்தச்சர் நம்மைவிட முன்னே நிற்கிறார்.

சேகரிப்பாளர்களுக்கும், பண்பாட்டு வரலாறு, கல்வெட்டியல், மொழியியல் பயிலும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் நவராத்திரிக்குப் பரணிலிருந்து இறக்கும் பொம்மைகளை வண்ணம் பூசக் கொடுக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வாங்கி வரும்போது வண்ணம் பூசிய கலைஞரிடமே பென்சிலைக் கொடுத்து, அடியில் தம் பெயரையும் ஆண்டையும் என்ன செய்தார் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டி வாங்கிய ஆண்டு வீட்டில் எவருக்கேனும் நினைவிருந்தால், அது நினைவின்படி அறிந்தது என்னும் குறிப்போடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிகளில் பொம்மையின் அடியிலோ உள்ளேயோ இத்தகைய பழைய குறிப்புகளைக் கண்டிருந்தால் அவற்றின் வாசகத்தை உள்ளது உள்ளபடியே, எழுத்துப்பிழையைத் திருத்தாமல், பின்னூட்டத்தில் பகிருங்கள். செப்பனிடுதலைக் குறிக்கும் வட்டாரச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். பொம்மைக் கலைஞர்களின் வாயில் வழங்கும் சொற்களே அதற்கு முதல் தேவை.